பகுதி ஒட்டுண்ணி

மார்ச் 4

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

இந்த வீட்டின் பின்பக்கத்து மாமரத்தில் வளர்ந்திருக்கும் புல்லுருவியை வெட்டி அகற்றுவது என்று, கடந்த ஞாயிறு மாலைத் தேநீருக்குப் பிறகு, உரிய ஆலோசனையின் பேரில் முடிவு செய்யப்பட்டிருக்கிறது. ஆலோசனையில் கலந்துகொண்டோர் நானும் உங்கள் அக்காவும். ஆதரவாக ஒரு வாக்கு. எதிராக எதுவும் இல்லை. உங்கள் அக்கா, "வெட்டுறதுன்னா வெட்டுங்க. எதோட சேந்து வரும்னு பாத்து வெட்டச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள். இதை நடுநிலை என்று எடுத்துக்கொண்டேன்.

இதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. ஆனால் அந்த மரத்துக்கு எதிரே இருந்த அறையில் பல ஆண்டுகள் இருந்தவர் நீங்கள். அந்தச் செடி உங்கள் கண் முன்னால்தான் கொழுத்தது. தொலைபேசியில் அழைத்தால் நீங்கள் எடுப்பதில்லை. எப்படியும் முக்கியமான விஷயங்கள் எழுத்தில் இருப்பது நல்லது. எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்த காலம் முழுவதும் நான் கற்றது அது ஒன்றைத்தான்.

மரத்தின் நிலை பின்வருமாறு. சமையலறைக்கும் உங்கள் அக்காவின் அறைக்கும் மேலாகச் சாய்ந்திருக்கும் பெரிய கிளையில் புல்லுருவி ஆள் உயரத்துக்குப் படர்ந்திருக்கிறது. மரத்தின் இலை வாடியிருக்கும் நாளிலும் அதன் இலை தளதளவென்று இருக்கிறது. அதற்கு மண்ணில் வேர் கிடையாது. உழைப்பு மரத்துடையது, செழிப்பு அதனுடையது.

நீங்கள் கிளம்பிப் போன நாளில் நடந்ததைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் உண்மை என்று ஒன்று இருக்கிறது. அன்று காலை தலையிலும் முகத்திலும் சோப்புடன் நான் குழாயைத் திறந்தபோது ஒரு சொட்டும் வரவில்லை. தொட்டி தண்ணீர் முழுவதும் உங்கள் குளியலில் தீர்ந்திருந்தது. கண் எரிச்சலோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தவன் சொன்ன ஒற்றைச் சொல்லுக்காகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய், ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் சேர்வது அளவுக்கு மீறிய செயல் என்பது என் கருத்து. 'புல்லுருவி' வசைச்சொல் அல்ல. தாவரப் பெயர்.

உங்கள் அக்காவின் கண்ணில் முன்னேற்றம் இல்லை. போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். சொட்டு மருந்தை இப்போது நான் விடுகிறேன். நீங்கள் பாதியில் விட்டுப் போன நாவல் மேசைமேல் கவிழ்ந்தபடி கிடக்கிறது. உங்கள் குடையும் இங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவர்


மார்ச் 12

அன்புள்ள அத்தானுக்கு,

வீட்டில் 'மாப்பிள்ளை', கடிதத்தில் 'மைத்துனர்'. வீட்டில் 'நீ', கடிதத்தில் 'நீங்கள்'. ரயிலில் ஒரு பகல் தூரம் தள்ளி வந்தால் என் மரியாதை இவ்வளவு உயரும் என்று தெரிந்திருந்தால் முன்பே வந்திருப்பேன்.

தொழில் புத்தி, கையில் எது கிடைத்தாலும் பிழை பார்க்கத் தோன்றுகிறது. உங்கள் கடிதத்தில் ஒன்றை மட்டும் குறித்து வைத்தேன். 'தொட்டி தண்ணீர்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'தொட்டித் தண்ணீர்' என்று இருக்க வேண்டும். இரண்டு சொற்கள் சேர்ந்து குடித்தனம் நடத்த வந்தால் நடுவில் ஓர் ஒற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை யாரும் அழைப்பதில்லை. அதற்கென்று தனியாகப் பொருளும் கிடையாது. எடுத்துவிட்டாலும் படிக்கிறவருக்குப் புரியும். ஆனால் இரண்டு சொல்லும் தனித்தனியாக நிற்கும்.

இனி தாவரப் பெயர். இங்கே என் மேசையில் இருப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கான உயிரியல் பாடநூல். இப்போது திருத்திக்கொண்டிருப்பது உயிரினங்கள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவு பற்றிய பாடம். ஒட்டிக்கொள்வதற்கு இடம் கொடுக்கும் மரத்துக்கு இந்த நூலில் 'விருந்தோம்பி' என்று பெயர். இப்படி ஒரு பெயர் வைத்தவர் நிச்சயம் யாருடைய வீட்டிலாவது நீண்ட காலம் தங்கியிருப்பார். புல்லுருவியை நூலாசிரியர் 'முழு ஒட்டுண்ணி' என்று எழுதியிருக்கிறார். அது தவறு. அதற்குப் பச்சை இலை இருக்கிறது. வெயிலில் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்கிறது. மரத்திடம் வாங்குவது தண்ணீரும் அதில் கரைந்த உப்பும்தான். அதன் சரியான பெயர் 'பகுதி ஒட்டுண்ணி'. ஓரத்தில் குறித்து ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். தண்ணீர் மட்டும்தான், அத்தான். இதை உங்களுக்கு எழுதுவதில் வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை.

நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அந்தப் புல்லுருவிக்குக் கட்டைவிரல் அளவில் ஒரு குருவி வருகிறது. அக்கா அதற்கு 'டிக்டிக்' என்று பெயர் வைத்திருக்கிறாள், அது போடும் சத்தம் அதுதான். புல்லுருவியின் பழத்தை விழுங்கும். விதை பசைபோல ஒட்டும், தானாகக் கீழே விழாது. அதனால் குருவி கிளையில் பின்பக்கத்தைத் தேய்த்துத்தான் அதை விடும். விதை ஒட்டிய இடத்தில் அடுத்த செடி. செடியால் குருவிக்குச் சாப்பாடு, குருவியால் செடிக்கு வாரிசு. நடுவில் இருவருக்கும் அக்காவின் ஜன்னல். விடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிவது வெளிச்சத்தால் அல்ல, அந்தச் சத்தத்தால். வெட்டுவதைத் தள்ளிப் போட முடியுமா என்று பாருங்கள்.

மருந்து விட்ட பிறகு கண்ணின் மூக்கோரத்தை ஒரு விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அக்காவாகச் சொல்ல மாட்டாள்.

குடை அங்கேயே இருக்கட்டும்.

உங்கள் மைத்துனன்


மார்ச் 23

மைத்துனருக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்வதற்கு முதல் நாள் வேலை முடிந்துவிட்டது.

மரம் வெட்டுகிறவர் ஏறிப் பார்த்துவிட்டு, செடி மட்டும் தனியாக வராது என்றார். பிடுங்கினால் வேர் மரத்துக்குள்ளேயே நிற்குமாம், மறுபடி தழையுமாம். கிளையோடுதான் எடுக்க வேண்டுமாம். செடி எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று காட்டும்படி கேட்டேன். நானே ஏணியில் ஏறிப் பார்த்தேன். ஒட்டிய இடம் முழங்கால் மூட்டுபோல வீங்கியிருந்தது. கோடு எதுவும் இல்லை. அளக்க முடியாத ஒன்றின் முன்னால் நின்று எனக்குப் பழக்கமில்லை. வெட்டச் சொன்னேன்.

விழுந்த தழைக்குள் ஒரு கூடு இருந்தது. பஞ்சும் சிலந்தி நூலும் கொண்டு செய்த சின்னப் பணப்பைபோல இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை என்று உங்கள் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லவும்.

எதிர்பாராத ஒரு விளைவு. அந்தக் கிளைதான் உங்கள் அக்காவின் அறைக்கு நிழல் கொடுத்திருக்கிறது. இப்போது காலையிலேயே வெயில் உள்ளே நுழைந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. கண் கூச்சம் தாங்காமல் அவள் உங்கள் அறைக்கு மாறிவிட்டாள். நிழலுக்காக என்கிறாள்.

குருவி மறுநாளும் வந்தது. கிளை இருந்த இடத்துக்கு நேர் கீழே, துணி காயப்போடும் கம்பியில் உட்கார்ந்து சத்தம் போட்டது. அதற்குப் பிறகு வரவில்லை.

மூக்கோரத்தை அழுத்தும் தகவல் பயனுள்ளது. நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது.

இப்படிக்கு,
அக்காவின் கணவர்


ஏப்ரல் 5

அத்தானுக்கு,

கூடு காலி என்றே சொல்கிறேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்று அக்காவுக்குத் தெரியும். அதனால் அவள் கேட்காமல் இருந்தால் நல்லது.

நூலாசிரியரிடமிருந்து பதில் வந்தது. 'முழு' என்பதே இருக்கட்டுமாம், பிள்ளைகளுக்குக் குழப்பம் வரக் கூடாதாம். அவருடைய பாடத்தில் ஓர் அட்டவணை. ஒவ்வொரு உறவுக்கும் இரண்டு கட்டம். லாபம் என்றால் கூட்டல் குறி, நஷ்டம் என்றால் கழித்தல் குறி, எதுவும் இல்லை என்றால் பூஜ்யம். புல்லுருவிக்குக் கூட்டல், மரத்துக்குக் கழித்தல், கதை முடிந்தது. அப்படியானால் குருவியை எங்கே போடுவது என்று எழுதிக் கேட்டேன். மூன்றாவது கட்டம் போட்டால் பக்கத்தில் அடங்காது என்கிறார்.

இடமில்லை என்று அவர் அடித்துவிட்ட ஒரு பத்தியை உங்களுக்காகச் சொல்கிறேன். எங்கோ ஒரு நாட்டில், என்னதான் ஆகும் பார்ப்போம் என்று காட்டுப் பகுதிகளில் புல்லுருவியை மட்டும் எடுத்துப் பார்த்தார்களாம். அதில் கூடு கட்டியவையும் பழம் தின்றவையும் போய்விட்டன. அது தெரிந்த கதைதான். ஆனால் அதில் ஒருநாளும் உட்காராத, தரையில் பூச்சி தேடித் தின்கிற பறவைகளும் குறைந்துபோயின. புல்லுருவி உதிர்க்கும் இலையில் சத்து அதிகம். அது மண்ணில் விழுந்து மக்கி, அதில் பூச்சி பெருகி, அந்தப் பூச்சியை நம்பிப் பிழைத்தவை அவை. புல்லுருவியை அவை நிமிர்ந்து பார்த்திருக்கக்கூட மாட்டா.

நான் ஏன் அவ்வளவு நேரம் குளித்தேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டில் எந்தப் பொருள் வாங்கினாலும் அதன்மேல் உங்கள் பெயரையும் தேதியையும் பெயின்டில் எழுதி வைப்பீர்கள். நாற்காலி, விளக்கு, வாளி, ஏணி. எங்கே உட்கார்ந்தாலும் உங்கள் கையெழுத்தின் மேல்தான் உட்கார வேண்டும். தண்ணீரில் மட்டும் உங்களால் எழுத முடியவில்லை.

அக்காவுக்கு இப்போது யார் படிக்கிறார்கள்?

மைத்துனன்


ஏப்ரல் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கேள்விக்குப் பதில்: நான்.

நீ விட்ட இடத்திலிருந்து நாவலைத் தொடங்கினேன். கதை நகராத இடங்களை விட்டுவிட்டுப் படித்தேன். மழை பெய்தது என்றால் ஒரு வரி போதும், அதற்கு முழுப் பக்கம் எதற்கு என்பது என் நிலைப்பாடு. உன் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "ஊர்ல இருக்கிற தராசையெல்லாம் சோதிச்சீங்க. நீங்களே எடை குறைச்சுப் படிக்கிறீங்களே."

வேலையில் இருந்த காலத்தில்கூட என்மேல் யாரும் வைக்காத குற்றச்சாட்டு இது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். தம்பி படிக்கும்போது பக்கம் திருப்பும் சத்தம் இவ்வளவு சீக்கிரம் வராது என்றாள். அன்று முதல், கையில் எந்தத் தாள் இருந்தாலும் ஓர் எழுத்தும் விடாமல் அவளுக்குப் படிப்பது என்று தீர்மானித்து நடந்துவருகிறேன். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் பொடி எழுத்துச் சீட்டையும் படித்தேன். அதை அவள் பாதியில் நிறுத்தச் சொன்னாள். நான் நிறுத்தவில்லை.

கண் பரிசோதனை முடிந்தது. இடது ஓரம் போய்விட்டது. இடப்பக்கம் வைத்த தம்ளர் அவள் கைபட்டு விழுந்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேநீரை அவள் பாத்திரத்தின் சத்தத்தை வைத்துப் போடுகிறாள் என்பதை இந்த வாரம்தான் கண்டுபிடித்தேன். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "தம்பிக்குத் தெரியும்" என்றாள்.

மொட்டைமாடியில் இரண்டாவது தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். பழையதைப்போல இரண்டு மடங்கு பெரியது. அதன்மேல் எதுவும் எழுதவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் நான் சொன்ன சொல்லில் ஓர் அடைமொழி விடுபட்டுப்போனதை உன் கடிதங்களிலிருந்து அறிகிறேன். 'பகுதி' என்று முன்னால் சேர்த்து வாசித்துக்கொள்ளவும். இதற்கு மேல் திருத்தம் தேவைப்பட்டால் நேரில் வந்து குறித்துக் கொடுக்கலாம். உன் அறையில் அக்கா இருப்பதால் முன்னறையை ஒழித்து வைத்திருக்கிறேன்.

அத்தான்


மே 4

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து மடித்து வைத்துவிட்டு, மறுபடி பிரித்துப் படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. 'பகுதி' போதும். பாடநூலிலும் 'பகுதி' என்றே வரப்போகிறது. ஆசிரியர் வெளியூர் போயிருந்த வாரம் பார்த்து நானே மாற்றி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். வேலைக்கு வந்த நாளாகச் செய்த ஒரே அத்துமீறல்.

உடனே கிளம்பி வரத்தான் ஆசை. முடியவில்லை. காரணத்தை அக்காவிடம் சொல்ல வேண்டாம். போன மாதம் நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் படுத்துவிட்டேன். இப்போது பரவாயில்லை. ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நீண்ட பயணம் கூடாது என்கிறார்கள். தெரிந்தால் அக்கா கிளம்பி வந்துவிடுவாள். இருக்கிற பார்வையை வைத்துக்கொண்டு அவள் ரயில் ஏறக் கூடாது. இது நம் இருவருக்கும் நடுவில் இருக்கட்டும்.

மூச்சு மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது எடை குறைவு. வெட்டி எடுத்த புல்லுருவியை அதே கிளையில் கட்டி வைத்தால் மறுபடி ஒட்டாது. விதையிலிருந்துதான் திரும்ப வர வேண்டும். இந்த வயதில் விதையாவது கொஞ்சம் சிரமம், அத்தான்.

என் ஜன்னலுக்கு வெளியே, அச்சகத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு மரம் நிற்கிறது. பெயர் தெரியவில்லை. அதிலும் புல்லுருவி இருக்கிறது. காலையில் அச்சு இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் டிக்டிக் வருகிறது. இதையும் அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் மாப்பிள்ளை


மே 15

மாப்பிள்ளைக்கு,

தபால் வந்தபோது உன் அக்காதான் வாசலில் இருந்தாள். உறையைத் தடவிப் பார்த்தே உன்னுடையது என்று சொல்லிவிட்டாள். நீ ஓரங்களைப் பசை வழிய ஒட்டுவாயாம். உள்ளே வந்து உட்கார்ந்து, "படிங்க" என்றாள்.

படித்தேன். 'காரணத்தை அக்காவிடம் சொல்ல வேண்டாம்' என்ற வாக்கியம் வந்த இடத்தில் நின்றேன். "நிறுத்துறீங்க. எடை குறையுது" என்றாள். அந்த வாக்கியத்தைப் படித்தேன். அதற்குப் பிறகு இருந்தவற்றையும் படித்தேன். இரண்டாவது 'சொல்ல வேண்டாம்' வரைக்கும்.

பிறகு, "காலையில எத்தனை மணிக்கு வருதாம்?" என்று கேட்டாள். குருவியைப் பற்றிக் கேட்கிறாள் என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. எழுதவில்லை என்றேன். எழுந்து போய்ப் பெட்டியை இறக்கினாள்.

இந்தக் கண்ணோடு ரயிலா என்றேன். "இவ்வளவாவது இருக்கும்போதே அவனைப் பாத்துடறேன்" என்றாள். நானும் வருகிறேன் என்று தொடங்கினேன். "வீட்டை யாரு பாத்துக்கிறது? மரம் இருக்கு" என்றாள். மரம் இருப்பது உண்மைதான்.

பக்கத்து வீட்டுச் செவிலி உன் ஊர் வழியாகத்தான் போகிறார். அவர் துணைக்கு வருவார். அடுத்த வியாழக்கிழமை மாலை அங்கே வந்து சேரும் வண்டி. நீ மூச்சு வாங்கிக்கொண்டு நடைமேடையில் ஓட வேண்டாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திரு, அழைத்து வந்து விடுவார். படி இறங்கும்போது அவளுக்கு இடப்பக்கம் நிற்கவும். சொட்டு மருந்து துணிப்பையில் இருக்கிறது. நாவலும் அதில்தான். கூட்டைக் கைக்குட்டையில் சுற்றித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

எத்தனை நாள் என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். மருந்து எவ்வளவு வைப்பது என்பதற்காகத்தான் கேட்டேன். வீட்டில் இருந்த புட்டிகள் எல்லாவற்றையும் வைத்துவிட்டேன்.

குடையும் வருகிறது.

அத்தான்


ஜூன் 1

அன்புள்ள அத்தானுக்கு,

அக்கா நல்லபடியாக வந்து சேர்ந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைத் தேடி வந்து, முகத்தைக் கையால் தடவி, "எலும்பாப் போயிட்டே" என்றாள். கண்ணால் பார்த்துச் சொன்னாளா, கையால் பார்த்துச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

இங்கே ஒரே அறைதான். ஜன்னலோர நாற்காலி முதல் நாளே அவளுடையதாகிவிட்டது. காலையில் எனக்கு முன்னால் எழுந்து அங்கே உட்கார்ந்துவிடுகிறாள். டிக்டிக் வந்து போன பிறகுதான் தேநீர். இங்குள்ள மருத்துவரிடமும் காட்டினேன். இடது ஓரம் போனது போனதுதான், மற்றது நிலையாக இருக்கிறது என்றார். என் மூச்சும் பரவாயில்லை. நாவல் முடிந்தது. மழை பெய்யும் பக்கத்தை மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னாள்.

கூடு காலியாகத்தான் இருந்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சரி என்றாள். அதை ஜன்னல் சட்டத்தில் வைத்திருக்கிறாள்.

குழாயில் காலையில் மட்டும்தான் தண்ணீர் வரும். வாளியில் பிடித்து வைத்து அளவாகக் குளிக்கிறேன். இதைக் கேட்டு உங்களுக்குச் சிரிப்பு வரும் என்று அக்கா சொல்கிறாள்.

மழைக்காலம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறாள். உங்களுக்கும் இங்கே இடம் உண்டு என்று எழுதச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "வரச் சொல்லு. வந்தா நாற்காலி மேல தேதி எழுதக் கூடாது."

மாப்பிள்ளை


ஜூன் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. சத்தமாகத்தான் படித்தேன், பழக்கமாகிவிட்டது.

மாங்காய் பழுக்கத் தொடங்கிவிட்டது. இந்த ஆண்டு காய்ப்பு அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. பழுத்தவற்றை வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டி ரயிலில் அனுப்பியிருக்கிறேன். அக்காவுக்கு நறுக்கிக் கொடுக்கவும். அவள் கையில் கத்தி வேண்டாம்.

மரம் வெட்டுகிறவர் இந்தப் பக்கம் போனவர் எட்டிப் பார்த்தார். மேல்கிளை ஒன்றில் புதிதாக ஒரு புல்லுருவி முளைத்திருக்கிறதாம், விரல் நீளம்கூட இல்லையாம். குருவி போவதற்கு முன்னால் வைத்துவிட்டுப் போனதாக இருக்க வேண்டும். இப்போதே கிள்ளிவிட்டால் கிளை பிழைக்கும் என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உன் அக்காவிடம் கேட்டு எழுதவும்.

நான் அங்கே வருவது பற்றி. மோட்டாரைச் சரி பார்க்க ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்த நாள் என்று சொல்லவில்லை.

தொட்டித் தண்ணீர் இப்போது ஒரு வாரம் வருகிறது.